கொரோனா காலத்தில், மூளைக்காயம் பட்ட படைவீரர்களைப் பார்த்துக்கொண்டவர்கள் எப்படி இருந்தார்கள்?

கேள்வி இதுதான்: ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் மூளைக்காயம் பட்டுத் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற மனைவி, அம்மா போன்றவர்கள் கொரோனா காலத்தை எப்படிக் கடந்தார்கள்? எப்போதும் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்கள்தானே, அவர்களுக்கு ஊரடங்கு அவ்வளவு பெரிய மாற்றமா?

கடைசி வரியில் பாதி உண்மை இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்காவில் தலைக்காயம் பட்டவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். 2020 மார்ச்சில் ஊரே வீட்டுக்குள் அடைந்தபோது, இந்தக் குடும்பங்களில் பல பேர் சொன்ன முதல் பேச்சு, “எங்களுக்கு இதில் புதுசா என்ன இருக்கு?” என்பதுதான். கணவருக்குக் கூட்டம் ஆகாது, சத்தம் ஆகாது. கடையில் யாராவது முதுகுக்குப் பின்னால் நெருங்கி வந்து நின்றாலே உடம்பு விறைத்துவிடும். அப்படிப்பட்டவருக்கு ஆறடி இடைவெளி என்பது அரசாங்கமே செய்து கொடுத்த வசதி. விசேஷத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்குச் சாக்கு தேட வேண்டாம். சோதனைக்காக மணிக்கணக்கில் கார் ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். முதல் சில வாரங்கள் சில வீடுகளில் நிஜமாகவே நிம்மதியாகத்தான் இருந்தன.

மீதிப் பாதிதான் அவர்களை அடித்துப்போட்டது. கணவர் வீட்டிலேயே இருந்தார் என்பது சரி. ஆனால் அந்த மனைவியின் நாளைத் தாங்கிப் பிடித்தது அவர் வீட்டில் இல்லாத நேரங்கள். வாரத்தில் சில நாள் அவர் பயிற்சிக்குப் போகும் இரண்டு மணி நேரம், பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் இருக்கும் நேரம், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம், ஞாயிற்றுக்கிழமை மாமியார் வந்து உட்காரும் நேரம். குளிப்பது, வங்கிக்குப் போவது, அழுவது எல்லாம் அதற்குள்தான். இவை எல்லாம் ஒரே வாரத்தில் போய்விட்டன. கிருமி மீதான பயம் எல்லோருக்கும் பொதுவானது. இவர்கள் தனியாக இழந்தது இந்த இடைவெளிகளை. நல்லெண்ணத்தோடு கிளம்பிய பல உதவிகள் ஏன் பலிக்கவில்லை என்பதும் இதிலிருந்துதான் விளங்கும்.

கொஞ்சம் பின்னணி. 2000-க்குப் பிறகு அமெரிக்கப் படைகளில் மூளைக்காயம் என்று பதிவானவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். இதில் எண்பது சதவீதத்துக்கும் அதிகமானவை லேசான வகை. ஆனால் அந்த அளவுகோல், அடிபட்ட நேரத்தில் என்ன நடந்தது என்பதை வைத்துப் போடுவது: நினைவு தப்பியது அரை மணிக்குள்ளா, குழப்பம் ஒரு நாளுக்குள் தெளிந்ததா என்று பார்ப்பார்கள். பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள். தேறாதவர்களுக்குத் தலைவலி, தூக்கமின்மை, மறதி, எரிச்சல் என்று வருடக்கணக்கில் இழுக்கும். சாலையோரக் குண்டுகளின் அதிர்வை ஒரு தடவைக்கு மேல் வாங்கியவர்களும் இதில் இருக்கிறார்கள். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. கொரோனாவுக்கு இரண்டு மாதம் முன்பு, 2020 ஜனவரி 8 அன்று, ஈராக்கின் அல் அசாத் விமானதளத்தில் ஈரானின் ஏவுகணைகள் விழுந்தன. யாருக்கும் அடியில்லை என்றுதான் முதலில் அறிவித்தார்கள். அப்புறம் கணக்கு ஏறி ஏறி நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு மூளைக்காயம் என்று ஆனது. அதிபர் டிரம்ப் அதைத் தலைவலி என்று சொன்னார். கண்ணுக்குத் தெரியாத காயத்துக்கு மேலிடத்திலேயே இந்த மரியாதைதான் என்றால், அதை வீட்டில் வைத்துச் சமாளிப்பவரின் கஷ்டத்தை யார் நம்புவார்கள்?

பார்த்துக்கொள்பவர்கள் யார்? படைவீரர்களைப் பராமரிப்பவர்களுக்காக இயங்கும் எலிசபெத் டோல் அறக்கட்டளைக்காக ராண்ட் ஆய்வு நிறுவனம் 2014-ல் வெளியிட்ட கணக்குப்படி, நாட்டில் படைவீரர்களைப் பராமரிப்பவர்கள் 55 லட்சம் பேர். அதில் 11 லட்சம் பேர் 2001-க்குப் பிந்தைய போர்களில் இருந்து வந்தவர்களைப் பார்க்கிறவர்கள். பழைய தலைமுறை வீரர்களைப் பெரும்பாலும் வளர்ந்த பிள்ளைகள் பார்க்கிறார்கள். புதிய தலைமுறையை இளம் மனைவிகளும் பெற்றோரும் பார்க்கிறார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தில் 38 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று அந்த ஆய்வு கண்டது. யாரையும் பராமரிக்காத பொதுமக்களிடம் அது சுமார் 10 சதவீதம். இது கொரோனாவுக்கு ஆறு வருடம் முந்தைய எண் என்பதை நினைவில் வையுங்கள்.

உடம்பைத் தூக்கிப் படுக்கவைப்பதுதான் பெரிய பாரம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். தலைக்காயக் குடும்பங்களைப் பற்றிப் பல வருடமாக வந்த ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன. கைகால் செயலிழப்பைவிட, சுபாவம் மாறியதுதான் வீட்டாரை அதிகம் உடைக்கிறது. மூளையின் முன்பகுதி அடிபட்டால் திட்டமிடுவது, தொடங்குவது, அடக்கிக்கொள்வது மூன்றும் ஆட்டம் காணும். அவருக்குக் குளிக்கத் தெரியும், கை நன்றாக வேலை செய்யும். ஆனால் “எழுந்து போய்க் குளி” என்று ஒருவர் சொல்லாவிட்டால் மத்தியானம் வரை அப்படியே உட்கார்ந்திருப்பார். அடுப்பைப் பற்றவைப்பார், அணைக்க மறப்பார். சின்ன விஷயத்துக்குக் கத்துவார், ஐந்து நிமிடத்தில் கத்தியதே ஞாபகம் இருக்காது. சிலருக்குத் தனக்குக் காயம் இருப்பதே உறைக்காது. அது பிடிவாதம் அல்ல, அதை உணரும் பகுதியே அடிபட்டிருக்கிறது.

இப்போது இந்த மனிதரின் வீட்டில் கொரோனாவைக் கொண்டுவந்து வையுங்கள். மாஸ்க் போடு, கை கழுவு, முகத்தைத் தொடாதே என்பதெல்லாம் புதுப் பழக்கங்கள். புதுப் பழக்கத்தை ஏற்றுக்கொள்வதுதான் இந்த மூளைக்கு ஆகக் கஷ்டம். ஜிம் ஏன் மூடியிருக்கிறது என்பதைக் காலையில் விளக்கினால் மதியம் மறுபடி விளக்க வேண்டும். போன வாரம் ஒரு விதி, இந்த வாரம் வேறு விதி என்று அரசாங்கமே மாற்றிக்கொண்டிருந்தபோது இவருக்கு எதைச் சொல்லி நிறுத்துவது? பயிற்சியாளர்களும் குடும்பமும் சேர்ந்து வருடக்கணக்கில் கட்டிய தினசரி ஒழுங்கு, எழும் நேரம், நடக்கும் நேரம், மாத்திரை நேரம் எல்லாம் சரிந்தது. ஒழுங்கு சரிந்தால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் தலைவலியும் கோபமும் கூடும், வலிப்பு உள்ளவர்களுக்கு வலிப்பும் வரும். அதே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு ஜூமில் வகுப்பு. ஒருவருக்கு அமைதி வேண்டும், இன்னொருவர் சத்தமாகப் பாடம் ஒப்பிக்க வேண்டும். நடுவில் மனைவி. இந்த அம்மாக்கள் பிள்ளையின் வகுப்பைக் காரில் உட்காரவைத்து நடத்திய கதை ஏராளம்.

ஆஸ்பத்திரி விஷயத்துக்கு வருகிறேன். முன்னாள் படைவீரர்களின் மருத்துவத்தையும் உதவித்தொகையையும் பார்க்கிற அமெரிக்க அரசுத் துறையை எல்லோரும் வி.ஏ. என்றே சொல்வார்கள். பலத்த காயங்களுக்கென்று ரிச்மண்ட், டாம்பா, மினியாபோலிஸ், பாலோ ஆல்டோ, சான் அன்டோனியோ ஆகிய ஐந்து ஊர்களில் பெரிய மையங்கள் வைத்திருக்கிறது. 2020 வசந்தத்தில் அவசரமில்லாத சந்திப்புகளை நிறுத்தி, முடிந்ததையெல்லாம் போனுக்கும் வீடியோவுக்கும் மாற்றினார்கள். வீடியோ வசதி ஏற்கெனவே கையில் இருந்ததால் இந்த மாற்றம் மற்ற பல மருத்துவமனைகளைவிடச் சீக்கிரம் நடந்தது, அதைப் பாராட்டத்தான் வேண்டும். கிராமப்புறக் குடும்பங்களுக்கு இது பெரிய மிச்சம். ஆனால் திரையைப் பார்த்தால் தலைவலி வருகிறவருக்கு வீடியோவில் எத்தனை நிமிடம் பயிற்சி கொடுக்க முடியும்? கேமராவைப் பிடிப்பது, பயிற்சியாளர் சொன்னபடி கையைப் பிடித்து நீட்டுவது, கீழே விழாமல் பார்ப்பது எல்லாம் மனைவியின் தலையில். அவருக்கு ஓய்வாக இருந்த இரண்டு மணி நேரம் இப்படித்தான் வேலை நேரமாக மாறியது.

இன்னொரு இழப்பு அதிகம் பேசப்படவில்லை. ஆஸ்பத்திரிக்கு நேரில் போகும்போது, கணவர் உள்ளே பரிசோதனையில் இருக்கையில், மனைவி வராந்தாவில் நர்ஸை ஓரமாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்வார். ராத்திரி தூங்குவதில்லை, நேற்று சுவரைக் குத்தினார், குடி கூடிவிட்டது என்று. வீடியோவில் கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். “எல்லாம் நல்லா இருக்கு டாக்டர்” என்று அவர் சொல்லும்போது இவர் என்ன சொல்வது? மருத்துவக் குறிப்பில் நோயாளி நலம் என்று ஏறியது. தன்னுடைய கவுன்சிலிங்கையே வீட்டில் வைத்துப் பேச முடியாமல், கார் கதவை மூடிக்கொண்டு போனில் பேசினவர்கள் உண்டு. நல்ல மருத்துவக் குழுக்கள் இதைப் புரிந்துகொண்டு, பராமரிப்பாளருக்கென்று வேறு நேரத்தில் தனியாக ஒரு அழைப்பு வைத்தன. செலவே இல்லாத ஏற்பாடு, ஆனால் எல்லா இடத்திலும் செய்யவில்லை.

ஓய்வு கொடுக்கத் திட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2010-ல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தால், 2001 செப்டம்பருக்குப் பிந்தைய வீரர்களின் குடும்பப் பராமரிப்பாளர்களுக்கு மாத உதவித்தொகை, பயிற்சி, மனநல ஆலோசனை, காப்பீடு இல்லாதவருக்கு மருத்துவக் காப்பீடு, வருடத்துக்குக் குறைந்தது 30 நாள் மாற்று ஆள் வசதி என்று ஏற்படுத்தினார்கள். நம் ஊர் கணக்கில் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். ஆனால் 2020-ல் அந்த 30 நாள் பெரும்பாலும் காகிதத்தில்தான் இருந்தது. வீட்டுக்கு வரும் உதவியாளர் ஒரே நாளில் நாலு வீட்டுக்குப் போய்வருகிறவர், அவரை உள்ளே விட மனைவிக்குப் பயம். விட நினைத்தாலும் ஏஜென்சிகளில் ஆள் இல்லை. வி.ஏ.-வின் தங்கிப் பராமரிக்கும் இல்லங்கள் மார்ச்சிலேயே வெளியாருக்குக் கதவை மூடிவிட்டன.

பணக் கவலையும் அதே நேரத்தில் வந்து சேர்ந்தது. எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதில்தான். 2018-ல் வந்த மிஷன் சட்டத்தின்படி, இந்தத் திட்டத்தை வியட்நாம் கால வீரர்களுக்கும் அதற்கு முந்தையவர்களுக்கும் விரிக்க வேண்டும். அது 2020 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. நல்ல விஷயம், 1975 மே 7-க்கு முன் பணியாற்றியவர்களின் வயதான மனைவிகள் வருடக்கணக்கில் காத்திருந்தது இதற்காகத்தான். இடைப்பட்ட காலத்தவர்கள், உதாரணமாக 1991 வளைகுடாப் போருக்குப் போனவர்கள், 2022 அக்டோபர் வரை பொறுக்க வேண்டியிருந்தது. ஆனால் விரித்த அதே நாளில் தகுதி விதிகளையும் இறுக்கினார்கள். உதவித்தொகை, முழு அளவு அல்லது 62.5 சதவீதம் என்று இரண்டு நிலையானது. ஏற்கெனவே திட்டத்தில் இருந்த எல்லோரையும் மறுபடி மதிப்பிடுவோம் என்றார்கள். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது போன்ற காரியங்களில் ஒன்றையாவது செய்யும்போது ஒவ்வொரு முறையும் அடுத்தவர் கை வேண்டும் என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் தினமும் கண்காணிப்பு தேவை என்று நிரூபிக்க வேண்டும்.

மேலே சொன்ன அந்த மனிதரை நினைத்துப் பாருங்கள். கை நன்றாக இருக்கிறது, சொன்னால் குளிப்பார். மதிப்பீடு செய்பவர் வீடியோவில் வருகிறார். கணவர் அன்று சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு, படைவீரனுக்கே உரிய மிடுக்கோடு உட்கார்ந்து, “என் காரியத்தை நானே பார்த்துக்கொள்வேன்” என்கிறார். தன் குறை தனக்கே தெரியாத காயம், அல்லது தெரிந்தும் சொல்லக் கூசுகிற மானம். பக்கத்தில் இருக்கும் மனைவி அதை மறுத்துப் பேசினால் அவரை அவமானப்படுத்தியது ஆகும், பேசாவிட்டால் உதவித்தொகை போகும். இவரைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டவருக்கு அந்தத் தொகைதான் வீட்டு வாடகை. கை இல்லாதவரின் தேவையை அளக்கிற விதியை வைத்து முன்மூளை அடிபட்டவரை அளந்தால் இப்படித்தான் ஆகும். தகுதி இல்லை என்ற கடிதங்கள் குவிந்தன. கடைசியில் 2022 மார்ச்சில், பழைய பயனாளிகளை நீக்குவதை வி.ஏ. தானே நிறுத்திவைத்தது. அதற்கு முன் 2021 ஏப்ரலில், இந்த முடிவுகளை மேல்முறையீட்டு வாரியத்துக்குக் கொண்டுபோக உரிமை உண்டு என்று படைவீரர் உரிமைகளுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஆனால் நடுவே போன ஒன்றரை வருடத் தூக்கத்தை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

மனதுக்குள் என்ன நடந்தது என்பதை அளக்க நல்ல கருவிகள் இருக்கின்றன. ஜரித் என்ற 22 கேள்விப் பட்டியல் பழையது, பொதுவானது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நோயல் கார்லோஸி குழுவினர் மூளைக்காயப் பராமரிப்பாளர்களுக்கென்றே ஒன்று உருவாக்கினார்கள். படைவீரர் குடும்பங்களையும் கேட்டுச் செய்தது. அது கேட்பவை: பராமரிப்பினால் வரும் பதற்றம், பாரம், சிக்கிக்கொண்ட உணர்வு, பழைய தன்னை இழந்த துக்கம், பழைய அவரை இழந்த துக்கம். கடைசி இரண்டும் தனித்தனியாகக் கேட்கப்படுவதுதான் இதன் அருமை. ஆள் உயிரோடு எதிரில் இருக்கிறார், ஆனால் கல்யாணம் செய்துகொண்ட ஆள் இவர் இல்லை. சாவுக்கு அழுதால் ஊர் கூடி நிற்கும். இதற்கு அழுதால், உயிரோடு வந்தாரே, சந்தோஷப்படு என்பார்கள். இந்த முடிவில்லாத துக்கத்தை முதலில் ஆராய்ந்தவர்களில் ஒருவரான மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர் பாலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் மனைவிகளிடம்தான் அந்த வேலையைச் செய்தார். கொரோனா காலத்தில் இந்தத் துக்கத்திலிருந்து கண்ணைத் திருப்பிக்கொள்ள வழியில்லை, இருபத்துநாலு மணி நேரமும் எதிரில் உட்கார்ந்திருந்தது.

ஆபத்தான நாட்களும் இருந்தன. 2020 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்துக்கு ஊர் வாணவேடிக்கைகளைப் பல இடங்களில் ரத்து செய்தார்கள். அதற்கு ஈடாக அக்கம்பக்கத்தார் வாரக்கணக்கில் சொந்தமாக வெடித்தார்கள். ஊர் நடத்தும் வேடிக்கைக்காவது நேரம் உண்டு, காதடைப்பானை மாட்டித் தயாராகலாம். ராத்திரி பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டில் வெடித்தால் என்ன செய்ய? அந்த வருடம் நாடு முழுக்கத் துப்பாக்கி விற்பனையும் ஏறியது. மூளைக்காயம், மனச்சோர்வு, குடி, துப்பாக்கி நான்கும் ஒரு வீட்டில் சேர்வது எவ்வளவு பயங்கரம் என்று சொல்ல வேண்டாம். வி.ஏ. இலவசமாகத் துப்பாக்கிப் பூட்டு தருகிறது, அதை வாங்கி மாட்டச் சொல்வது எங்கள் வேலையில் ஒரு பகுதியாகவே ஆனது. சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதையும் அவர் அமைதியாக இருக்கும் நாளில், அவரோடு சேர்ந்தே பேசி முடிவு செய்ய வேண்டும். கோபம் கை நீட்டும் அளவுக்குப் போகிற வீடுகளும் உண்டு. காயம்தான் காரணம் என்று புரிந்துகொள்வது வேறு, அடி வாங்கிக்கொண்டு இருப்பது வேறு. காயத்தைக் காரணம் காட்டி எந்த மனைவியையும் பொறுத்துப்போகச் சொல்லக் கூடாது. அப்புறம் 2021 ஆகஸ்ட் 15-ல் காபூல் விழுந்தது. இதற்குத்தானா என் தலையைக் கொடுத்தேன் என்று கணவர் கேட்ட கேள்விக்கு எந்த மனைவியிடமும் பதில் இல்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பயம் ஓடிக்கொண்டிருந்தது: எனக்குக் கொரோனா வந்தால் இவரை யார் பார்ப்பது? அதற்கு ஆறுதல் வார்த்தை உதவாது, ஒரு தாள் உதவும். மாத்திரைகளும் நேரமும், வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது, எந்தச் சத்தம் அவரைக் கிளப்பும், எந்தப் பாட்டு அடக்கும், கத்தும்போது எதிர்த்துப் பேசாமல் எங்கே போய் நிற்க வேண்டும், முதலில் யாரைக் கூப்பிட வேண்டும். இதை எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிய குடும்பங்கள் அன்றிரவு கொஞ்சம் தூங்கின. தடுப்பூசி விஷயத்தில் அரசு சரியாக நடந்துகொண்டது. 2021 மார்ச் 24-ல் கையெழுத்தான சட்டம், எல்லா முன்னாள் படைவீரர்களுக்கும், அவர்களின் துணைவர்களுக்கும், பராமரிப்பாளர்களுக்கும் வி.ஏ.-விலேயே ஊசி போட வழிசெய்தது. பராமரிப்பாளரும் இந்தச் சிகிச்சையில் ஒரு உறுப்பு என்று ஒரு சட்டம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது போல் எனக்கு அது தோன்றியது.

உதவிகளில் எது வேலை செய்தது? என் பார்வையில், போன் வழியாக வந்தவை. மறதிநோய்க் குடும்பங்களுக்காக உருவாகி, பிறகு வி.ஏ. எடுத்து விரித்த ரீச் என்ற பயிற்சியில் அடிப்படை நான்கே அமர்வுகள்தான். இன்று உங்களைப் படுத்துவது எது என்று கேட்டு, அந்த ஒன்றுக்கு மட்டும் வழி தேடுவார்கள். அது சின்னதாக இருப்பதுதான் அதன் பலம். பராமரிப்பாளர் உதவி எண் 855-260-3274 முன்பே இருந்தது. தற்கொலை எண்ணம் போன்ற நெருக்கடிக்கு இப்போது 988 அழுத்தி, பிறகு 1 அழுத்தலாம். அதே நிலையில் உள்ள இன்னொரு மனைவியோடு வாரம் ஒருமுறை பேசுவது பல பேருக்கு மருந்தாக இருந்தது. அவரிடம் எதையும் முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை.

வேலை செய்யாதது, “உங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள்” என்ற அறிவுரை. யோகா செய், நன்றாகத் தூங்கு, நாட்குறிப்பு எழுது என்று மின்னஞ்சல்கள் வந்தபடியே இருந்தன. யோகா செய்யும் அரை மணி நேரம் அவரை யார் பார்ப்பார்கள் என்று ஒரு மின்னஞ்சலும் சொல்லவில்லை. கணவரோடு முன்பு படையில் இருந்த நண்பர் ஒருவர் வாரம் ஒருமுறை வந்து, வாசலில் ஆறடி தள்ளி நாற்காலி போட்டு அவரோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தால், அது அந்த மின்னஞ்சல்கள் அத்தனையையும்விடப் பெரிய உதவி. உதவ நினைக்கிற சொந்தக்காரர்கள் “ஏதாவது வேணும்னா சொல்லு” என்று கேட்காமல், “செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வர்றேன், நீ வெளியே போயிட்டு வா” என்று சொல்ல வேண்டும். நம் ஊரில் பைக் விபத்தில் தலையில் அடிபட்டவரை வருடக்கணக்கில் பார்த்துக்கொள்கிற குடும்பங்களுக்கும் இது அப்படியே பொருந்தும். அவர்களில் பல பேருக்கு இந்த அளவு உதவித்தொகை கிடையாது, அதனால் அந்த ஒரு மணி நேரம் இன்னும் பெரிசு.

ஊரடங்கு முடிந்தபோது எல்லாம் பழையபடி ஆகிவிட்டதா என்றும் கேட்பீர்கள். இல்லை. ஆறடி இடைவெளியில் நிம்மதி கண்ட அதே கணவர்கள், 2021-ல் கடைகளும் மையங்களும் திறந்தபோது வெளியே வர மறுத்தார்கள். கூட்டத்தைத் தாங்க வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கியதெல்லாம் போயிருந்தது. முதலில் தெருமுனை வரை நடை, பிறகு கூட்டமில்லாத நேரத்தில் கடை என்று ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பக்கத்தில் நடந்தது மறுபடியும் அதே மனைவிதான்.